ஹவ்வா ராத்தாவும் படலையைவிடச் சிறிய வண்டியும்

செய்தி வந்தபோது நான் மன்னார் ஊருக்குள் ஒரு ரயர்க் கடையில் லொறிச் சில்லுக்குக் காற்று அடித்துக்கொண்டு நின்றேன். கைத்தொலைபேசியில் பௌசியாவின் பெயர் விழுந்தது. கொஞ்ச நாளாகப் படுக்கையில் கிடந்த அவளுடைய உம்மா, அந்த வாரம்தான் எழுந்து சாய்ந்திருந்து, என் லொறிக்கு நான் பூசிய புது நிறம் வாந்தி மாதிரி இருக்கிறதென்று ஏசியிருந்தார். அந்த நினைப்பில், "என்ன பிள்ளை, உம்மா இன்னொரு வண்டி பாக்கச் சொன்னவவோ?" என்று கேட்டேன். மோட்டர் இரைச்சலில் மறுபக்கத்துச் சத்தம் பிடிபடவில்லை. கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மோட்டரை நிறுத்தினார். அதற்குப் பிறகுதான் அவள் அழுவது கேட்டது.

"உம்மா மௌத்தாயிட்டா அண்ணை."

ஹவ்வா ராத்தா இறந்துபோனார், அவரைப் பற்றி என் வாயிலிருந்து கடைசியாக வந்தது ஒரு பகிடி. அதை நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டு திரிந்தேன். பிறகு யோசித்தால், நான் பகிடி விடாமல் அவருடைய வீட்டு வளவுக்குள் போன நாட்களில்தான் அவர் என் நெற்றியைப் பார்த்து, "சந்தான், உனக்குக் காய்ச்சலோ?" என்று கேட்டிருக்கிறார். ஆகவே வெட்கப்படுவதை விட்டுவிட்டேன்.

நாற்பதாம் நாளுக்கு ஒரு சின்னப் புத்தகம் அடிக்கிறோம், மற்றவர்கள் உம்மாவின் தொழுகையையும் தருமத்தையும் எழுதுவார்கள், வண்டிக் கதையை நீங்கள்தான் எழுத வேண்டும் என்று பௌசியா சொன்னாள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரை ஒருவர் விட்டுப் பிரிந்தவர்கள். எழுத்தில் பிழை இருந்தால் அச்சடிக்கிறவர் பார்த்துக்கொள்ளட்டும். கதையில் பிழை இல்லை. அதற்குக் காதர் நாநா சாட்சி. அவர் பாதிக் கதைக்கு நித்திரையாக இருந்தார் என்பது வேறு விஷயம்.

ஹவ்வா ராத்தாவை அறியாதவர்கள் மன்னாருக்குத் தெற்கே முசலிக் கரையில் இல்லை. ஆனாலும் இந்தப் புத்தகம் தூரத்துக்கும் போகும் என்பதால் சொல்கிறேன். என் ஊரான அரிப்புக்குத் தெற்கே இருக்கிற ஊர் அவருடையது. யுத்தத்தில் முஸ்லிம் சனங்கள் எல்லாம் ஊரைவிட்டுப் போக வேண்டிவந்த காலத்தில் போய், புத்தளம் பக்கம் ஓலைக் கொட்டிலில் பிள்ளைகளை வளர்த்து, திரும்பி வந்து, காடாய்க் கிடந்த வளவைத் துப்புரவாக்கி, கருவாட்டு வியாபாரம் தொடங்கினவர். காதர் நாநா அவருடைய கணவர். ராத்தா எதைச் சொன்னாலும் "ஓம், ஓம்" என்பார். ஒரு காது கேளாது. எந்தக் காது என்று கடைசிவரை ராத்தாவே கண்டுபிடிக்கவில்லை. நான் ஐஸும் மீனும் ஏற்றுகிற லொறிக்காரன். அவருடைய கருவாட்டு மூட்டைகளை ஏற்றப்போய்த்தான் பழக்கம். நான் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரன், அவர் இஸ்லாம். அதனால் எங்களுக்குள் ஒரு சண்டையும் வந்ததில்லை. சண்டை வந்ததெல்லாம் வண்டியால்தான்.

பௌசியாவுக்குக் கல்யாணம் பேசி முடித்ததும் ராத்தா என்னைக் கூப்பிட்டு, தூரப் பயணத்துக்கு ஒரு நல்ல வண்டி பார்த்துத் தா என்றார். கட்டாரில் இருக்கிற மகன் வாங்கித் தருகிறான், நாலு சில்லும் இழுக்கிற வண்டியாக இருக்க வேண்டும், உள்ளே படுக்கவும் சமைக்கவும் இடம் வேண்டும் என்றார். நான் சிரித்துவிட்டேன். "ஏன் ராத்தா, மக்காவுக்குத் தரையால போகப்போறீங்களோ?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு என்னை இருத்திவிட்டு முழுக் கதையையும் சொன்னார்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் சொல்வது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். வீட்டுக்குப் போய், இருந்து, வாயால் சொல்ல வேண்டும். அதிலும் முதல் வீடு நெருங்கின இரத்தத்தின் வீடு. அதற்கு முன் வேறு வீட்டுப் படியில் கால் வைத்தால், பிறகு போய்ச் சொல்கிற சொல்லுக்கு மதிப்பில்லை. இப்போது எல்லோரும் போனில் சொல்லிவிடுகிறார்கள். ராத்தாவும் ஒருமுறை நேரில் போகாமல் சொன்னவர்தான். போன்கூட இல்லாத காலம். மூத்த மகளுக்குக் கொட்டில் வாழ்க்கையில் அவசரமாகக் கல்யாணம் வந்தபோது, மலைநாட்டில் கட்டிக்கொடுத்திருந்த தங்கை ஜெமீலாவுக்கு, அந்தப் பக்கம் மரக்கறி ஏற்றப் போன ஒரு லொறிக்காரரிடம் சொல்லி அனுப்பினார். அந்த மனிசன் சந்தையில் லீக்ஸ் மூட்டையைத் தூக்கிக்கொண்டே ஜெமீலாவிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறான். "லீக்ஸ் மூட்டைக்கு மேல வச்சுச் சொன்ன கல்யாணத்துக்கு நான் வரமாட்டன்" என்று ஜெமீலா சொன்னது மட்டும் திரும்பி வந்தது. ஜெமீலா வரவில்லை. அன்றைக்கு அறுந்த பேச்சு அறுந்ததுதான்.

"பௌசியாவுக்கு இருக்கிறது ஒரே ஒரு சாச்சி" என்றார் ராத்தா. "அவள் வந்து என்ர பிள்ளைக்கு முக்காடு போட்டுவிடாட்டி, எனக்கு இந்தக் கல்யாணம் பாதிக் கல்யாணம்."

ஜெமீலாவின் வீடு இருப்பது பதுளைக்கும் அப்பால் ஒரு மலையில். ராத்தாவின் சொந்தக்காரர் இருப்பதோ மன்னாரிலிருந்து அநுராதபுரம், மாத்தளை என்று வழி முழுக்க. ஜெமீலாவின் வாசல் படலைக்குப் போய்ச் சேருமட்டும் ஒரு வீட்டிலும் இறங்க முடியாது. ராத்தாவின் முழங்காலோ கொஞ்ச நேரம் இருந்தால் நீட்டிப் படுக்கக் கேட்கும். காசு கொடுத்துப் படுக்கிற கட்டிலில் தான் படுத்ததில்லை, இனிமேலும் படுப்பதாக இல்லை என்றார். ஆகவே சாப்பாடு வண்டிக்குள். படுக்கை வண்டிக்குள். கல்யாணம் வருவதோ மாரியில். மலையில் கடைசித் துண்டுக்கு மழை நாளில் முச்சக்கர வண்டி ஏறாதாம். அதனால்தான் நாலு சில்லும்.

எனக்கு வண்டி பார்ப்பது என்றால் மாதா திருவிழா மாதிரி. முதலில் மன்னாரில் ரோட்டு வேலை எடுத்துச் செய்கிற ஒரு கொந்தராத்துக்காரரின் டபிள் கெப் வண்டியைக் கொண்டுவந்தேன். உயரம், பளபளப்பு, யானை மாதிரி எஞ்சின். கடற்கரை மணலில் இறக்கி ஏற்றிக் காட்டினேன். காதர் நாநா கண்ணாடியில் தாடியைச் சீவிக்கொண்டு, இது நல்லம் என்றார். ராத்தா எஞ்சினைப் பார்க்கவில்லை. ரயரைப் பார்க்கவில்லை. அவர்கள் வீட்டுக்குப் போகிற ஒழுங்கையில் ஒரு கைம்பெண்ணின் சின்னத் தகர வீடு இருந்தது. வண்டியை அதற்கு முன்னால் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். தூரப் போய் நின்று, முக்காட்டைச் சரிசெய்து, பார்த்துக்கொண்டே நின்றார்.

"இது வீட்ட விழுங்குது" என்றார்.

"வீட்டுக்குள்ளயோ விடப்போறம், ராத்தா? வெளியிலதானே நிக்கப்போகுது."

"கூப்பிடப் போற வீட்டுப் படலையவிடப் பெரிய வண்டியில போனா, கூப்பிடப் போனனாங்களோ, காட்டப் போனனாங்களோ?"

அந்த ஒரு சொல்லில் என் யானை கொந்தராத்துக்காரரிடம் திரும்பிப் போனது.

அடுத்தது வவுனியாவில் ஒரு பழைய நீட்டு ஜீப். அதைத் தேடிக் கண்டுபிடிக்க நான் பட்ட பாடு எனக்கும் என் சாரத்துக்கும்தான் தெரியும். உள்ளே இரண்டு பேர் கால் நீட்டிப் படுக்கலாம். குட்டிக் கியர் போட்டால் செங்குத்தாக ஏறும். உப்புக் காற்றுப் படாத வண்டி, அடிச்சட்டம் சுத்தம். கடலோரத்து வண்டிகளை நான் சுத்தியலால் தட்டிப் பார்ப்பேன், சட்டத்திலிருந்து துரு பப்படம் மாதிரி உதிரும். இதில் தட்டினால் கோயில் மணி. பெருமையோடு கொண்டுவந்து நிறுத்தினேன். ராத்தா ஏறுவதற்கு என் ஐஸ் பெட்டியைக் கவிழ்த்து வைத்தோம். ஏறிவிட்டார். இறங்கும்போதுதான் வந்தது வினை. அந்த உயரத்துக்கு முன்பக்கமாக இறங்க முடியாது. கதவைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டி, காலால் ஐஸ் பெட்டியைத் துழாவித் துழாவி இறங்கினார்.

இறங்கி முடித்து மூச்சு வாங்கிவிட்டு, "ஜெமீலா படலையில நிக்கிறாள் எண்டு வை. நான் இப்படிப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு இறங்கினா, கூப்பிட வந்தனானெண்டு நினைப்பாளோ, கோவிச்சுக்கொண்டு திரும்பிப் போறனெண்டு நினைப்பாளோ?" என்றார்.

நான் சிரித்த சிரிப்பில் எனக்கு இருமல் வந்துவிட்டது. ராத்தாவும் முக்காட்டுக்குள் சிரித்தார். ஆனால் ஜீப் போனது போனதுதான்.

மகன் கட்டாரிலிருந்து குளிரூட்டின வான் ஒன்று வாங்குங்கள் என்று படம் அனுப்பினான். மெத்தை ஆசனம், திரைச்சீலை எல்லாம் இருந்தது. முன்சில்லு மட்டும் இழுக்காது. அந்தச் சாதி வான் ஒன்றை அரிப்பு மணலில் விட்டுக் காட்டினேன். கிடந்த இடத்திலேயே குழி தோண்டி முட்டையிடப் போகிற ஆமை மாதிரி இருந்துவிட்டது. மகனுக்கு அந்த ஆமையின் படத்தைத் திருப்பி அனுப்பினோம். அதோடு அவன் வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் வண்டி கிடைத்தது பெரியமடுவில், நெல் விளைவிக்கிற ஒரு கமக்காரரின் வளவில். ஜப்பான்காரன் செய்த குட்டிக் கெப். பின்னால் தகரக் கூடு. ஒரு காலத்தில் பச்சையாக இருந்திருக்க வேண்டும். உள்ளே நெல்லும் ஆடும் மாறி மாறிப் பயணம் செய்த மணம். நான் அடிச்சட்டத்தைத் தட்டினேன். பரவாயில்லை. முன்சில்லு இழுத்தது. ஆனால் எஞ்சின் சின்னன். மலைக்குக் காணாது என்று ராத்தாவிடம் ஒளிக்காமல் சொன்னேன். அவர் காது கொடுக்கவில்லை. கூட்டின் பின்கதவைத் திறந்து, விளிம்பில் இருந்து, வலது காலை முன்னுக்கு வைத்து இறங்கினார். முக்காடு விலகவில்லை. மறுபடியும் ஏறி, மறுபடியும் இறங்கினார். பெண் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் தேத்தண்ணித் தட்டோடு வருகிற பிள்ளை மாதிரி ஒரு நடை. பிறகு வண்டியைக் கமக்காரரின் மண் வீட்டுக்கு முன்னால் நிறுத்தச் சொல்லிப் பார்த்தார். வீடு வீடாகவே இருந்தது.

"இது ஒருத்தரையும் வெக்கப்படுத்தாது" என்றார்.

"மலை வெக்கப்படுத்தும், ராத்தா. பாதியில நிண்டிடும்."

"நிண்டா இறங்கி நடப்பன். நடந்து வந்தவளப் பாத்து அவள் கதவைச் சாத்தட்டும் பாப்பம்."

நான் விட்டுக்கொடுத்தேன். ஆனால் சும்மா விடவில்லை. கிளச்சு மாற்றினேன், ரயர் மாற்றினேன், மலைக்கென்று பிரேக்கைப் புதிதாகப் போட்டேன். கூட்டுக்குள் பலகை அடித்துப் பாய் விரித்தோம். கதவுக்கு ஒரு திரை. காஸ் அடுப்பு, தண்ணீர்க் கான், அரிசிப் பானை. தங்கைக்கென்று ஒரு மூட்டை பாரைக் கருவாடு. அந்தக் கருவாட்டால் ஆட்டு மணம் எங்கே போனதென்று தெரியவில்லை.

பயணம் தொடங்கினதும் ராத்தா பின்னால் திரையை மூடிக்கொண்டு படுத்துவிட்டார். முழங்காலுக்காக மட்டும் இல்லை. சொந்தக்காரர் கண்ணில் படக்கூடாதே. கண்டால் வீட்டுக்கு வாங்கோ என்பார்கள். வரமாட்டன் என்றால் கோபம். வந்தால் ஜெமீலா. அதனால் சாப்பாடு குளக்கட்டு மரத்தடிகளில். காதர் நாநா வெங்காயம் உரித்தார், நான் அடுப்பு மூட்டினேன், ராத்தா கூட்டுக்குள் இருந்துகொண்டே உப்புக் கணக்குச் சொன்னார்.

அநுராதபுரத்தில் எண்ணெய் அடிக்கப் பெற்றோல் செட்டுக்குப் போனோம். அங்கேதான் மாட்டினோம். பக்கத்து வரிசையில் மோட்டார் சைக்கிளோடு நின்ற ஒரு பொடியன், ராத்தாவின் ஒன்றுவிட்ட தம்பியின் மகன், காதர் நாநாவைக் கண்டுவிட்டான். நாநா உடனே நித்திரைபோல் கண்ணை மூடினார். பொடியன் பின்னால் வந்து திரையை விலக்கினான். ராத்தா முக்காட்டை இழுத்து முகத்தை முழுக்க மூடினார்.

"ஹவ்வா மாமிதானே?"

முக்காட்டுக்குள்ளிருந்து, "இல்ல" என்று சத்தம் வந்தது.

பொடியன் தலையை உள்ளே நீட்டினான். கருவாட்டு மூட்டையைப் பார்த்தான். கல்யாணம் பேசி முடிந்த கதை அவனுக்கும் எட்டியிருக்க வேண்டும். நல்ல பிள்ளை. எல்லாம் விளங்கிவிட்டது.

"சரி மாமி" என்றான். "அப்ப ஹவ்வா மாமியக் கண்டா, நான் சலாம் சொன்னதெண்டு சொல்லுங்கோ."

"சொல்லுறன் மகன்" என்றார் ராத்தா.

வண்டி ஊரைத் தாண்டுமட்டும் நான் சிரித்தேன். ராத்தா பின்னாலிருந்து பானை மூடியால் தகரத்தில் தட்டி, ரோட்டைப் பார்த்து ஓட்டு என்றார். கொஞ்சத் தூரம் போனபின் அவர் குரல் வேறு மாதிரி வந்தது. "என்ர கையால சோறு திண்ட பிள்ளை சந்தான். அவனிட்ட நான் நானில்லை எண்டு சொல்லிப்போட்டன்." இரண்டு பக்கமும் வயல் போய்க்கொண்டிருந்தது.

மாத்தளை தாண்டினதும் ஏற்றம் தொடங்கியது. அதன் பிறகு முழுக்க மலையும் வளைவும்தான். குட்டி வண்டி மூச்சுப் பிடித்து மூச்சுப் பிடித்து ஏறியது. ஜெமீலாவின் ஊருக்குப் பிரியும் பாதையில் மழை பிடித்துக்கொண்டது. சிவப்பு மண், ஒரு பக்கம் சரிவு. நாலு சில்லையும் சேர்க்கிற தடியைத் தள்ளினேன். இறுகிக் கிடந்தது. வண்டி மெல்லப் பின்னுக்கு வழுகத் தொடங்கியது. நான் நாநாவிடம், இறங்கிச் சில்லுக்குக் கல் வையுங்கோ என்று கத்தினேன். நாநா அவ்வளவு வேகமாக இறங்கினதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கல்லும் வைத்தார், முன்சில்லுக்கு முன்னால். வண்டி வழுகுவதோ பின்னுக்கு. எந்தப் பக்கம் என்று நான் சொல்லவில்லையாம். பிரேக்கை மிதித்தபடி ஒரு கையால் தடியை இரண்டு மூன்று தரம் குத்தினேன். விழுந்தது. குட்டி வண்டி முன்சில்லையும் ஊன்றி, நாநா வைத்த கல்லையே படியாக வைத்து ஏறியது. பின்னால் கூட்டுக்குள் கலிமாச் சொல்லும் சத்தம் கேட்டது. முன்னால் நான் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கத்தாலும் உதவி வந்திருக்க வேண்டும்.

ஜெமீலா ராத்தா வாசலில்தான் நின்றார், மரக்கறிக் கூடைகளை மழைக்கு உள்ளே எடுத்துக்கொண்டு. வண்டியைக் கண்டு கையிலிருந்த கூடையை வைக்கவும் இல்லை, தூக்கவும் இல்லை. நான் இறங்கிப் பின்கதவைத் திறந்தேன். ஹவ்வா ராத்தா விளிம்புக்கு வந்து, வலது காலை முன்னுக்கு வைத்து, முகத்தைக் காட்டி இறங்கினார். மழையில் நின்றபடியே சலாம் சொன்னார். பதில் சலாம் வந்தது, அவ்வளவுதான். வா என்றோ போ என்றோ இல்லை. ராத்தா படலைக்கு வெளியில் நின்றே சொன்னார்:

"பௌசியாவுக்குக் கல்யாணம் ஜெமீலா. நீ வந்து நடத்தித் தரவேணும். சொல்லத்தான் வந்தனான்."

"எனக்கு முன்னம் எத்தினை வீட்டுக்குச் சொன்னனீ?"

"ஒரு வீட்டுக்கும் இல்ல."

"பொய். கடலிலயிருந்து இஞ்சமட்டும் எங்க படுத்தனீ? எங்க திண்டனீ?"

ஹவ்வா ராத்தா சத்தியம் செய்யவில்லை. வண்டியின் பின்கதவு தெரிய விலகி நின்றார், அவ்வளவுதான்.

ஜெமீலா ராத்தா கூடையை வைத்துவிட்டு வந்தார். அக்காவைத் தாண்டி வண்டியின் பின்பக்கம் போய்த் திரையைத் தூக்கினார். உள்ளே சுருட்டாத பாய். கரி பிடித்த பானை, அடியில் ஒட்டிய சோறு. கொடியில் ஈரத் துவாய். முழங்காலுக்குப் பூசுகிற எண்ணெய்ப் போத்தல். வெங்காயத் தோல். ஒருவர் குந்தி இருக்கலாம், நிமிர முடியாது. அவர் திரையைப் பிடித்தபடி மழையில் நின்றார்.

"இதுக்குள்ளயாடி படுத்து வந்தனீ?" என்று கேட்டார், திரும்பாமலே. "இந்த முழங்காலோட?"

"மெத்தை இருக்குது" என்றார் ஹவ்வா ராத்தா. மெத்தை இல்லை, பாய்தான். அந்த நேரத்தில் அவர் சொன்ன ஒரே பொய் அது.

அந்தக் கொந்தராத்துக்காரரின் யானையில் போயிருந்தால் என்ன காட்டியிருப்போம் என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். மெத்தை ஆசனத்தைக் காட்டியிருப்போம். ஜெமீலா ராத்தா அதை நம்பியிருக்க மாட்டார்.

அன்றைக்கு அந்த வீட்டில் சாப்பிட்ட சாப்பாட்டைப் பற்றி எழுதினால் இந்தப் புத்தகம் காணாது. அடுத்த நாள் புறப்படும்போது ஜெமீலா ராத்தா ஒரு பையோடு வந்து கூட்டுக்குள் ஏறிப் பாயில் இருந்துவிட்டார். நான் திகைத்துப் பார்த்தேன். "மற்ற வீடுகளுக்கு இவள் தனியப் போய்ச் சொல்லுறதோ? நான் இல்லாம ஆர் வருவாங்கள்?" என்றார். திரும்பிவரும் வழி முழுக்க இரண்டு பேரும் ஒரு நிமிடம் வாய் ஓயவில்லை. பேசாமல் விட்ட வருசங்களை எல்லாம் மாத்தளைக்குள் பேசி முடித்துவிட்டு, அதன் பிறகு சண்டை பிடித்தார்கள். அநுராதபுரத்துப் பொடியனின் வீட்டில் இறங்கினோம். அவன் வாசலில் நின்று, "வாங்கோ மாமி, உங்களப் போலவே ஒருத்தரை முந்தநாள் பெற்றோல் செட்டில கண்டனான்" என்றான். அவனும் என்னைப்போல ஒருவன்தான்.

கல்யாணம் நடந்தது. பௌசியாவின் தலையில் முக்காட்டைப் போட்டுவிட்டது சாச்சிதான். பெண்கள் பக்கம் நடந்ததை நான் பார்க்கவில்லை. வெளியில் விருந்துச் சோறு வெந்த கிடாரத்துக்குப் பக்கத்தில் நின்ற எனக்கு, உள்ளேயிருந்து ஹவ்வா ராத்தா அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. நல்ல அழுகை.

கல்யாணம் முடிந்து ஜெமீலா ராத்தாவை மலைக்குத் திருப்பிக் கொண்டுபோய் விட்ட நாளைத்தான் நான் அதிகம் நினைக்கிறேன். அவர் இறங்கிப் படலையில் நின்றார். நான் எஞ்சின் திறப்பைத் திருகப் போனேன். பின்னாலிருந்து ஹவ்வா ராத்தா, "பொறு. அவள் உள்ளுக்குப் போகட்டும். நிக்கிற ஆளை விட்டுட்டு எஞ்சினை எடுக்காதே" என்றார். சரியென்று பொறுத்தேன். ஜெமீலா ராத்தா போகவில்லை. நீங்கள் போங்கோ, வண்டி வளைவு திரும்பினதும் நான் போறன் என்றார். இவர் அவள் போகட்டும் என்கிறார். அவர் இவள் போகட்டும் என்கிறார். ஒரே வயிற்றில் பிறந்ததுகள். காதர் நாநா நித்திரையாகிவிட்டார். உள்ளேயிருந்து இரண்டு பக்கத்துக்கும் தேத்தண்ணி வந்தது. குடித்தோம். கோப்பைகள் திரும்பிப் போயின. இருவரும் அசையவில்லை. மலை மேலிருந்து மூடுபனி இறங்கி வந்தது.

நான் தலையை வெளியில் நீட்டி, "ரெண்டு பேரும் இப்படியே நிண்டா, நான் இஞ்சயே ஒரு கலியாணம் கட்டிக் குடும்பம் நடத்தவேண்டியதுதான். ஆனா முதல் மனிசிக்கு ஆர் போய்ச் சொல்லுறது? நேரில போய்ச் சொல்லவேணுமே" என்றேன். ஜெமீலா ராத்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு, சிரிப்பை மறைக்கத் திரும்பினவர் அப்படியே உள்ளே போய்விட்டார். "இப்ப எடு" என்றார் ஹவ்வா ராத்தா.

அதற்குப் பிறகு எத்தனையோ பேரை எத்தனையோ வாசலில் இறக்கிவிட்டிருக்கிறேன். மீன்காரரையும், பிள்ளைப்பெற்று வருகிறவர்களையும், பூசை வைக்கிற எங்கள் சுவாமியையும். ஆள் உள்ளே போகுமட்டும் நான் எஞ்சினை எடுப்பதில்லை. டீசல் விலை தெரியாதவன் என்று என் மனைவி ஏசுவாள். எஞ்சினை நிறுத்திவிட்டுத்தானே நிற்கிறேன் என்பேன். ஹவ்வா ராத்தா எனக்கு விட்டுப்போனது அதுதான். பெரிய சொத்து இல்லை. ஒவ்வொரு வாசலிலும் கொஞ்ச நேரம் செலவாகும்.

ராத்தா படுக்கையில் விழுந்ததும் ஜெமீலா ராத்தாவை அந்தக் குட்டி வண்டியில் நான்தான் கூட்டிவந்தேன். கடைசிமட்டும் பக்கத்தில் அவர் இருந்தார். மௌத்தான அன்று அசர்த் தொழுகைக்குப் பிறகு, ராத்தாவை வைத்த சந்தூக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆண்கள் ஒழுங்கையால் நடந்தார்கள். நடக்க முடியாத காதர் நாநாவை நான் வண்டியில் ஏற்றியிருந்தேன். பெண்கள் வளவுக்குள்ளேயே நின்றுவிட்டார்கள். ஜெமீலா ராத்தா மட்டும் படலைமட்டும் வந்தார். சந்தூக்கு ஒழுங்கை முடக்கில் திரும்பி மறைந்தது. ஜெமீலா ராத்தா படலையிலேயே நின்றார்.

"எடு தம்பி" என்றார் காதர் நாநா. "அவங்கள் தூரப் போயிட்டாங்கள்."

"கொஞ்சம் பொறுங்கோ, நாநா."

நாநா திரும்பிப் படலையைப் பார்த்தார். அன்றைக்கு அவர் நித்திரையாகவில்லை.

மலையில் ஒரு பகிடி சொல்லி ஜெமீலா ராத்தாவை உள்ளே அனுப்பினேன். இங்கே என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. திறப்பில் கையை வைத்தபடி, அவர் திரும்பி உள்ளே போகுமட்டும் இருந்தேன்.